இரங்கல் கூட்டத்தின் கடைசி வரி: எடுப்பதா, விடுவதா?

மேடைப்பக்கம் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு சமூக மன்ற அறையை வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்க்கும் சிறிய நாடகக் குழு எங்களுடையது. ஆண்டுக்கு ஒரு முறை நகைச்சுவை மாலை நடத்துகிறோம். நான் எழுதுவதும் இல்லை, நடிப்பதும் இல்லை. பிரதிகளைப் படித்துத் திருத்துவது, விளக்குப் போடுபவரிடம் சண்டை பிடிப்பது, உரிமத்துக்கு விண்ணப்பிப்பது, கடைசி நிமிடத்தில் வேட்டி கட்டத் தெரியாத இளைஞர்களுக்குக் கட்டிவிடுவது ஆகியவைதான் என் பணிகள்.

இந்த ஆண்டு ஒரு தம்பி ஏழு நிமிடத் தனிப்பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறார். உயிரோடு இருக்கும் ஓர் அரசியல்வாதிக்கு நடக்கும் இரங்கல் கூட்டம் அது. ஆள் இந்த ஊர்க்காரர் இல்லை. பிரதியில் பெயரும் இல்லை. ஆனால் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் விதத்திலேயே அரங்கம் யாரென்று கண்டுபிடித்துவிடும். மேடையில் ஒரு நாற்காலி, அதன்மேல் சட்டமிட்ட வெற்றுப் படம், ஒரு சம்பங்கி மாலை. இரங்கல் உரையாற்றுபவர் பேசத் தொடங்குகிறார். "அன்னாரின் வாக்குறுதிகள் அன்னாருக்கு முன்பே காலமாகிவிட்டன" என்று ஒரு வரி. "அன்னார் ஏழையின் குடிசையில் உணவருந்திப் படம் எடுத்துக்கொண்டார், அந்த ஏழை இன்னும் இலைக்கடன் அடைத்துக்கொண்டிருக்கிறார்" என்று இன்னொன்று. படித்தபோது எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிக்கல் கடைசி வரியில்தான். பேச்சாளர் மாலையைச் சரிசெய்துவிட்டு, மிகவும் பணிவாக இப்படிச் சொல்கிறார்: "அன்னார் எப்போது காலமானார் என்று கேட்காதீர்கள். தேதி இன்னும் குறிக்கவில்லை. யாருக்காவது வசதியான நாள் இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து சொல்லுங்கள்." விளக்கு அணைகிறது.

நண்பர்களையும் உறவினர்களையும் வைத்து ஒரு முன்னோட்டம் நடத்தினோம். அந்த வரிக்குத்தான் சிரிப்பு அதிகம். மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர், "வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை!" என்று கத்தினார். சிரிப்பு இரட்டிப்பானது. எழுதிய தம்பிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ புரண்டது.

இந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "அக்கா, முதல் ஆறரை நிமிடமும் அவர் செத்துப்போனதாகத்தான் பேசுகிறோம். அதையெல்லாம் ரசித்தீர்கள். கடைசி அரை நிமிடத்தில் மட்டும் என்ன புதிதாக நடந்துவிட்டது?"

நியாயமான கேள்விதான். நம் ஊர்களில் கொடும்பாவி கட்டுகிறார்கள், பாடையில் கிடத்துகிறார்கள், சங்கு ஊதுகிறார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள், கடைசியில் கொளுத்துகிறார்கள். மறுநாள் அந்தத் தலைவர் ஏதோ ஒரு பாலத்தைத் திறந்துவைக்கிறார். அதைக் கொலைக்கான அழைப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சாவைச் சொல்லித் திட்டுவது நம் அரசியலுக்குப் புதிதே அல்ல. அப்படி இருக்கும்போது, இந்த ஒரு வரி ஏன் எனக்கு உறுத்துகிறது?

"சிங்கப்பூரில் இதெல்லாம் கூடாது" என்ற பதில் வேண்டாம். அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர் மதிக்கவில்லை. கோடு எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் தாத்தா எழுதியது:

அம்மா, எந்த நாளில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வேறொன்றும் இல்லை.

1991இல் நான் திருச்சியில் கல்லூரி மாணவன். விடுதி நாள் நாடகத்தில் ஒரு தலைவருக்கு வரிசையாக மாலை போட்டுக்கொண்டே இருப்போம். மாலைகளின் கனம் தாங்காமல் தலைவர் முதலில் குனிவார், பிறகு மண்டியிடுவார், கடைசியில் "டமார்" என்று ஒரு சத்தம் வரும், வேட்டி மட்டும் மேடையில் கிடக்கும். மார்ச் மாதம் நடித்தபோது விடுதிக் காப்பாளரே விழுந்து விழுந்து சிரித்தார். மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு இன்னும் எத்தனையோ பேர் போனார்கள், அதில் பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் உண்டு. அடுத்த கல்வியாண்டில் ஒருவன் அதே நாடகத்தைப் போடலாம் என்றான். அறையில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. நாடகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வெளியேதான் எல்லாம் மாறியிருந்தது.

2024 ஜூலையிலும் இதையே பார்த்தோம். பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப்பை நோக்கிச் சுட்டார்கள், காதில் காயத்தோடு தப்பினார். மறுநாள் சிட்னி மேடையில் கைல் காஸ் என்ற இசைக்கலைஞரிடம் பிறந்தநாள் ஆசை என்ன என்று கேட்டார்கள். அடுத்த முறை டிரம்ப்பைத் தவறவிடக் கூடாது என்ற பொருளில் ஏதோ சொன்னார். குழுவின் மற்றப் பாதியான ஜாக் பிளாக் சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார். சுட்டதில் டிரம்ப் பிழைத்தார், ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பார்வையாளர் ஒருவர் இறந்தார். "அடுத்த முறை" என்று சொன்னவருக்கு அந்த மனிதர் கணக்கிலேயே வரவில்லை பாருங்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

உங்கள் அரசியல்வாதிமேல் அண்மையில் யாரும் கல்கூட எறியவில்லை என்றால், வரியை விட்டுவிடுங்கள். பெரிதுபடுத்தாதீர்கள்.

நகைச்சுவைக்காரர்களைப் பற்றிப் பேசும்போது எம்.ஆர். ராதாவை மறக்கக் கூடாது. மேடையில் ஆண்டுக்கணக்காக எல்லோரையும் சொல்லால் கிழித்தவர். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்டது துப்பாக்கியால்.

கோப்புக்காரன் எழுதியது:

தாத்தா, எம்.ஆர். ராதா விவகாரம் இரண்டு தனிமனிதர்களுக்கு இடையில் ஒரு வீட்டுக்குள் நடந்தது. எந்த நாடக வசனமும் யாரையும் சுடத் தூண்டவில்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

நான் வழக்கறிஞர் இல்லை. சட்ட நிறுவனம் ஒன்றில் கோப்புகளோடு காலம் தள்ளுபவன். அக்கா "சிங்கப்பூரில் கூடாது" என்ற பதில் வேண்டாம் என்கிறார், ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொள்வதில் தவறில்லையே. இங்கே தண்டனைச் சட்டத்தில் 267சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வன்முறைக்குத் தூண்டும் சொல்லைப் பேசினாலும் எழுதினாலும் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடிதடி உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

அந்தப் பிரிவு பயன்பட்ட ஒரு வழக்கு இங்கே பொருந்தும். 2010 தேசிய தினத்தன்று ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு காணொளிச் சுட்டியைப் போட்டார். எகிப்து அதிபர் அன்வர் சதாத்தை 1981இல் ராணுவ அணிவகுப்பு மேடையில் வைத்துச் சுட்டுக்கொன்ற காட்சி. நம் அணிவகுப்பு மேடையிலும் இதை நேரடியாக நடத்திக்காட்ட வேண்டும் என்று கூடவே ஒரு குறிப்பு. நீதிமன்றம் குற்றம் என்றது, அபராதம் விதித்தது. சிறை கேட்டு அரசுத் தரப்பு மேலே போனது, ஆனாலும் தண்டனை அபராதத்தோடுதான் நின்றது. ஆளைக் கடுமையாகத் திட்டியிருந்தால் இந்தப் பிரிவு அவரைத் தொட்டிருக்காது. இடம், நாள், செய்முறை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் உண்டு. 1966இல் வாஷிங்டனில் ஒரு கூட்டம். ராபர்ட் வாட்ஸ் என்ற 18 வயது இளைஞர், தன்னைக் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், அதன் குறியில் முதலில் வைக்க விரும்பும் ஆள் அதிபர் ஜான்சன்தான் என்றார். கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. 1969இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அது மிரட்டல் இல்லை, முரட்டுத்தனமான அரசியல் மிகைப்பேச்சு என்றது. அவர் சொன்னது நிபந்தனையோடு வந்த பேச்சு என்பதையும், கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே சிரிப்பே ஒரு சாட்சி.

அதே 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் அமெரிக்கா தன் அளவுகோலை வகுத்துக்கொண்டது. உடனடியாகச் சட்டவிரோதச் செயல் நடக்க வேண்டும் என்ற நோக்கமும், அது நடக்கக்கூடிய நிலைமையும் இருந்தால்தான் பேச்சு குற்றமாகும். அந்த அளவுகோல்படி உங்கள் தம்பி தாராளமாகத் தப்பிவிடுவார். ஆனால் அவர் பேசப்போவது வாஷிங்டனில் இல்லை.

மேடைப்பக்கம் எழுதியது:

கோப்புக்காரன் தம்பி, சிரிப்பைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் அது என் சங்கடத்தைக் கூட்டத்தான் செய்கிறது. எங்கள் முன்னோட்டத்திலும் அதிகச் சிரிப்பு அந்த வரிக்குத்தான். அதைக் கேட்டுத்தான் எனக்கு உதறல் எடுத்தது.

தாத்தா சொல்லும் நாள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுவதுமாக அதிலேயே விட்டுவிட முடியாது. நேற்று யாரும் கல் எறியவில்லை என்பதால் இன்று எதையும் சொல்லலாம் என்றால், முதல் கல்லுக்கு யார் பொறுப்பு?

ஏழு நிமிடம் எழுதியது:

அந்தத் தம்பி நான்தான். அக்கா இங்கே எழுதப்போவதாக என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார், அதனால் மனவருத்தம் இல்லை. ஆனால் மேலே எல்லோரும் நகைச்சுவைக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்தே பேசுகிறீர்கள்.

நடந்ததைப் பாருங்கள். 2015 ஜனவரியில் பாரிஸில் சார்லி எப்தோ என்ற கேலி இதழின் அலுவலகத்துக்குள் புகுந்து பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். கேலிச்சித்திரக்காரர்கள் யாரையும் கொல்லவில்லை, கொல்லப்பட்டார்கள். 2021 புத்தாண்டு நாளில் இந்தூரில் நகைச்சுவையாளர் முனவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சிக்குள் புகுந்து குறுக்கிட்டார்கள். சிறைக்குப் போனது குறுக்கிட்டவர்கள் இல்லை, முனவர். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து, உச்ச நீதிமன்றம் போய்த்தான் பிணை பெற்றார். 2025 மார்ச்சில் மும்பையில் மகாராஷ்டிர அரசியல்வாதி ஏக்நாத் ஷிண்டேயைக் கிண்டல் செய்த நகைச்சுவையாளர் குணால் காம்ராவின் காணொளி வந்ததும், அது பதிவான ஹாபிடாட் அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் விழுப்புரத்தில் வசிப்பவர் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்பிணை கேட்டார். நாற்காலியை உடைத்தவர்களை விட்டுவிட்டு, "இவர் ஏன் அப்படிப் பேசினார்" என்றுதான் தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது.

நகைச்சுவை வன்முறையைத் தூண்டுகிறது என்ற பேச்சு எப்போதும் மேலே இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. பேசுபவனை அடிக்க ஆள் அனுப்பிவிட்டு, அடி விழுந்ததற்கும் பேசியவனே காரணம் என்று சொல்லிவிடலாம்.

என் அரங்கத்தில் எண்பது நாற்காலிகள். என் அரசியல்வாதி கடல் தாண்டி, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் சூழ இருக்கிறார். விடுமுறைக்காரர் வெள்ளிக்கிழமை வீட்டில் தூங்குவார், மாலையில் தேக்காவுக்குப் போய் வாழையிலையும் கத்தரிக்காயும் வாங்குவார். வேறென்ன செய்துவிடப்போகிறார்?

மேடைப்பக்கம் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன மூன்று நிகழ்வுகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குத் தேவையான பதில் உங்கள் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

பாரிஸிலும் இந்தூரிலும் மும்பையிலும் வன்முறையில் இறங்கியவர்கள் யார்? சிரிக்காதவர்கள். அவர்கள் கையை ஓங்கியதற்குப் பேசியவர் பொறுப்பில்லை. இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன், எந்த மேடையிலும் சொல்வேன். புண்பட்டவர் உடைத்த நாற்காலிக்குப் புண்படுத்தியவர் விலை கொடுக்க வேண்டும் என்றால், உடைக்கத் துணிந்தவர்கள் மட்டுமே பேச்சின் எல்லையைத் தீர்மானிப்பார்கள்.

நான் பயப்படுவது சிரித்தவர்களின் கையை நினைத்து. அது வேறு கணக்கு.

ருவாண்டாவில் ஆர்டிஎல்எம் என்று ஒரு வானொலி 1993 ஜூலையில் தொடங்கியது. அதுவரை அங்கே அரசாங்க வானொலி கட்டையான குரலில் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தது. இவர்கள் வந்து சயீர் நாட்டுப் பாட்டுப் போட்டார்கள், நேயர்களைப் பேசவிட்டார்கள், கிண்டலடித்தார்கள். கந்தானோ ஹபிமானா என்ற அறிவிப்பாளருக்கு அப்படி ஒரு வரவேற்பு. எதிர்த்தரப்புப் போராளிகளே பாட்டுக்காகவும் கேலிக்காகவும் அதைக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியபோது அதே குரல், அதே குஷி, இடையிடையே அதே பாட்டு. கூடவே பெயர்கள் வந்தன. எந்த வண்டியில் யார் போகிறார்கள், எந்தப் பகுதியில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்ற விவரம் வந்தது. ஏறக்குறைய நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த வானொலியில் பேசிய பெல்ஜியக்காரர் ஒருவர் அருஷா நகரில் இருந்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பன்னிரண்டு ஆண்டு சிறை பெற்றார். 2003 டிசம்பரில் வானொலியை நடத்தியவர்களுக்கும் தண்டனை வந்தது.

எண்பது நாற்காலி எங்கே, ருவாண்டா எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அளவில் ஒப்பிடவே இல்லை. அங்கே சிரித்தவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது, அதைத்தான் பார்க்கிறேன். கேலி மட்டும் இருந்தவரை நேயர் வெறும் நேயர். விவரம் வந்ததும் அவர் ஆள் தேடுபவராகிவிட்டார்.

இப்போது உங்கள் பிரதிக்கு வருகிறேன். முதல் ஆறரை நிமிடமும் அரங்கம் ஒரு பிணத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. பிணம் ஏற்கெனவே பிணம். யாரும் கொல்லவில்லை, யாரும் கொல்ல வேண்டியதும் இல்லை. வாக்குறுதிகள்தான் செத்துக் கிடக்கின்றன, அதற்குக் காரணம் அந்த மனிதரே. கொடும்பாவியும் அப்படித்தான். அங்கே எரிப்பவருக்கு எரிக்க வைக்கோல் இருக்கிறது, வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரியிலோ பிணம் எழுந்துவிடுகிறது. ஆள் உயிரோடு இருக்கிறார், இன்னும் செய்யப்படவில்லை, செய்ய ஒருவர் வேண்டும், வந்து பெயர் கொடுங்கள். சிரித்துக்கொண்டிருந்தவரை எழுப்பி வரிசையில் நிற்க வைக்கிறீர்கள். விடுமுறைக்காரர் அந்த வரியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். குடிசை வரிக்கு யாராவது எழுந்து "நான் வருகிறேன்" என்று கத்தினார்களா?

அவர் வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்தான் வாங்குவார், எனக்கும் தெரியும். ஆனால் எண்பது நாற்காலி என்ற கணக்கை எண்பது கைப்பேசிகளுக்கு முன்னால் சொல்லாதீர்கள். அந்த அரை நிமிடம் தனியாக வெட்டப்பட்டு, அந்த மனிதர் வாழும் ஊரில் எந்தெந்தக் குழுக்களில் சுற்றும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறரை நிமிடம் கூடவே போகாது.

கோப்புக்காரன் எழுதியது:

அக்கா சொல்வதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். 2019 மே மாதம் பிரிட்டன் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் மீது நியூகாசிலில் ஒருவர் மில்க் ஷேக் ஊற்றினார். அடுத்த மாதம் பிபிசி வானொலியில் ஜோ பிராண்ட் என்ற நகைச்சுவையாளர், மில்க் ஷேக் எதற்கு, பேட்டரி அமிலம் இருக்கிறதே என்ற பொருளில் பேசினார். இது வெறும் கற்பனை, நான் செய்யப்போவதில்லை என்றும் அங்கேயே சொன்னார். போலீஸ் விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. நான் அவரைத் தண்டித்திருக்க மாட்டேன். ஆனால் மோசமான வரிதான். ஊற்றும் கை ஏற்கெனவே தெருவில் இருந்தது, அவர் அதற்குக் கொஞ்சம் வலுவான திரவத்தைப் பரிந்துரைத்தார். அதே நாட்டில்தான் மூன்று ஆண்டுக்கு முன் ஜோ காக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரைத் தெருவில் கொன்றிருந்தார்கள்.

"நான் செய்யப்போவதில்லை" என்ற பின்குறிப்பு எனக்கு எப்போதுமே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நீங்கள் செய்யமாட்டீர்கள் ஐயா, தெரியும். கவலை உங்களைப் பற்றி இல்லை.

வடமராட்சி எழுதியது:

மேடைப்பக்கம் அக்கா பிரித்துக் காட்டிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு பயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள். கோடு எங்கே என்று நாம் மனதில் நினைப்பது ஒன்று, அந்தக் கோட்டை யார் கையில் கொடுக்கிறோம் என்பது வேறொன்று.

இலங்கையில் 2007இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் சட்டம் அது. பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் இன, மத வெறுப்புப் பேச்சு குற்றம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் அக்கா சொல்வதேதான். சிறுபான்மையினரைக் காக்க வந்த பிரிவு என்று தோன்றும். 2014 ஜூனில் அளுத்கமவில் பொது பல சேனா என்ற தீவிர பௌத்த அமைப்பின் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த மேடையில் பேசியபோது கூட்டம் ஆரவாரித்தது. சிரித்தவர் கை ஓங்கிய கதை அதுதான். அந்தப் பேச்சுக்காக அந்தச் சட்டம் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை.

2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்தார்கள். புத்தரின் இளமைப் பருவத்தைத் தொட்டுச் சொன்ன ஒரு வேடிக்கைக்காக. அதே சட்டம். ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியல், அதாவது விசாரணைக் காவல். அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்த யாராவது கல் தூக்கினார்களா? இல்லை. சிரிக்காதவர்களின் கோபமே தூண்டுதலுக்குச் சாட்சியாகிவிட்டது.

அதனால் ஏழு நிமிடம் தம்பியின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. இந்தக் கோட்டை ஒத்திகை அறையில் அக்காவும் தம்பியும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வது எனக்குச் சம்மதம். வெளியே யாராவது அளவுகோலோடு நின்றால், அவர் முதலில் அளப்பது சின்ன ஆளைத்தான்.

உட்லண்ட்ஸ் தாத்தா எழுதியது:

வடமராட்சிப் பெண்ணே, நன்றாகச் சொன்னீர்கள். நான் எம்.ஆர். ராதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஆனால் நாளைத் திரும்பப் பெறமாட்டேன்.

ஏழு நிமிடம் எழுதியது:

அக்காவின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பார்வையாளருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றால், எந்த அரசியல் நகைச்சுவையும் எதற்கு? கேட்டவர் வீட்டுக்குப் போய் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதானே எழுதுகிறேன். கோபப்பட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து "யாருக்கு ஓட்டுப் போட்டாய்" என்று தம்பியைத் திட்ட வேண்டும். சும்மா சிரித்துவிட்டு ரயிலேறிப் போனால் அது எனக்குத் தோல்வி.

முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறைக்காரரைப் பற்றி அக்கா எழுதியது சுருக்கென்று தைத்தது. அவர் கத்தியபோது நான் மகிழ்ந்தேன், உண்மை. வேலை கொடுப்பது என்றால் வேறு வேலை கொடுக்கிறேன். இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

"அன்னார் எப்போது காலமானார் என்று கேட்காதீர்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நாம்தான் நாள் குறித்துக் கொடுக்கிறோம். அன்று காலை எழுந்து உட்கார்ந்து, கை கூப்பி வாக்குக் கேட்டுவிட்டு, மாலையில் மறுபடியும் படுத்துக்கொள்கிறார். இந்த முறையாவது எழுப்பாமல் இருப்போமாக."

பழைய வரியைக் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடமாட்டேன்.

மேடைப்பக்கம் எழுதியது:

"எழுப்பாமல் இருப்போமாக" நன்றாக இருக்கிறது. "மாலையில் மறுபடியும்" என்பதில் "மறுபடியும்" வேண்டாம், இழுக்கிறது. நீங்கள் சொன்ன ஓட்டை உண்மையான ஓட்டைதான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வேலை கொடுங்கள், ஆனால் அந்த வேலையை முடித்த பிறகும் அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். இப்போதைக்கு என் அளவுகோல் அவ்வளவுதான்.

பழைய வரிக்கு வந்த அதிர்ச்சிச் சிரிப்பு இதற்கு வராது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோப்புக்காரன் எழுதியது:

புதிய பிரதியையே உரிமத்துக்கு அனுப்புங்கள். அக்கா, அன்று மாலை மேடைப் பக்கவாட்டில் நீங்களே நில்லுங்கள். சிரிப்பு குறைந்தால் குறிப்பேட்டில் இருப்பது நாக்குக்கு வந்துவிடும். எனக்கு இரண்டு டிக்கெட், மூன்றாவது வரிசை வேண்டாம்.